நூறாண்டு உறங்கிய வாத்தியம்

எம்மிடம் ஓர் இசைப்பதிவு உண்டு. 1940ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பாரிஸ் மாநகரில் எடுக்கப்பட்டது. இத்தாலிய இசைமேதை டொமெனிக்கோ ஸ்கார்லாட்டி இயற்றிய சிறு உருப்படியொன்றை ஒருவர் வாசிக்கின்றார். மணிகள் சிதறினாற்போலச் சுரங்கள் ஓடிக்கொண்டிருக்கையில், எங்கோ தொலைவிலிருந்து கனத்த அதிர்வோசை வந்து இடையே மோதுகின்றது. சற்று நேரத்தில் மீண்டும் அதே ஓசை. வாசிப்பவரோ நிறுத்தவில்லை, தாளமும் தளரவில்லை. உருப்படி முடியும் இடத்திலேதான் முடிகின்றது.

இதனை ஒரு நாள் மாலை எமது மாணவர் சிலருக்குக் கேட்கச் செய்தோம். அவ்வதிர்வு யாதென வினவியபோது, மிருதங்கம் போன்ற ஏதேனும் ஒரு பக்கவாத்தியமாக இருக்கலாம் என்றார் ஒருவர். உண்மையில் அது விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் வெடியோசை. மகாயுத்தம் தொடங்கியிருந்த காலம் அது. வாசித்தவர் அப்பொழுது அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. அடுத்து, வாசிக்கப்பட்ட வாத்தியம் எது என்று கேட்டோம். வீணையென்றார் ஒருவர், சந்தூர் என்றார் இன்னொருவர். பியானோ என்று எவரும் சொல்லவில்லை. இக்கட்டுரைக்கு அதுவே தொடக்கமாயிற்று. தோற்றத்தில் பியானோவின் மூத்த உறவினர் போலவும், நாதத்தில் வீணையின் தூரத்து உறவினர் போலவும் விளங்கும் அவ்வாத்தியத்தின் பெயர் ஹார்ப்சிக்கோட். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அரங்குகளிலிருந்து மறைந்துபோயிருந்த அதனை மீட்டெடுத்தவருள் முதன்மையானவர், மேற்சொன்ன வாண்டா லண்டோவ்ஸ்கா அம்மையார்.

பியானோவின் கட்டையொன்றை அழுத்தினால், உள்ளேயிருக்கும் சிறு சுத்தியல் எழுந்து தந்தியை அடிக்கின்றது. மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி. ஓங்கி அழுத்தினால் ஓங்கிய ஒலி. ஹார்ப்சிக்கோட்டின் அமைப்பு வேறு. கட்டையின் மறுமுனையில் மெல்லிய மரத்துண்டொன்று நிமிர்ந்து நிற்கும். அதன் பக்கத்திலே, காகத்தின் சிறகிலிருந்து செதுக்கியெடுத்த இறகுக் காம்பு ஒன்று சிறு நகம்போல் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டையை அழுத்த மரத்துண்டு மேலெழும். அந்நகம் தந்தியைச் சுண்டிவிட்டுக் கடந்து போகும். விரலை எடுத்ததும் மரத்துண்டு கீழிறங்க, அதன் தலையிலுள்ள கம்பளித் துணுக்குத் தந்தியைத் தொட்டு ஒலியை அடக்கிவிடும். வீணை வாசிப்பவர் விரலில் அணியும் மீட்டியை, ஒவ்வொரு தந்திக்கும் ஒன்றாகப் பெட்டிக்குள் பொருத்தி வைத்தாற்போன்ற ஏற்பாடு என்று கொள்ளலாம்.

இவ்வமைப்பினால் விளைவதொன்று உண்டு. எவ்வளவு வலிந்து அழுத்தினாலும் சுண்டும் விசை அனேகமாக மாறுவதில்லை. ஆகவே விரலின் பலத்தினால் ஓசையைப் பெருக்கவோ குறைக்கவோ இயலாது. வாசிப்பவரிடம் எஞ்சி நிற்பது காலம் ஒன்றே. ஒரு சுரத்தை இமைப்பொழுது தாமதித்துத் தொடுதல், அடுத்ததற்கு முன் சிறு இடைவெளி விடுதல், இரண்டை இழைத்துப் பிணைத்தல் என்னும் நுட்பங்களினாலேதான் உணர்ச்சியைக் காட்டவேண்டும். பெரிய ஹார்ப்சிக்கோட்டுகளில் இரண்டு கட்டை வரிசைகள் படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். வெவ்வேறு தந்தி வரிசைகளை இணைத்தும் பிரித்தும் நாதத்தின் நிறத்தை மாற்றலாம். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஐரோப்பிய அரண்மனைகளிலும் செல்வர் இல்லங்களிலும் இதுவே ஆட்சி செய்தது.

இவ்வாட்சியைக் கவிழ்த்தது, 1700ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் புளோரன்ஸ் நகரில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி என்னும் வாத்தியச் சிற்பி செய்த சுத்தியல் பெட்டி. அதுவே பியானோவின் முதல் வடிவம். கவிழ்ப்பு ஒரே நாளில் நிகழவில்லை. பீத்தோவனின் தொடக்ககாலப் படைப்புகளின் முகப்பிலேகூட, 'ஹார்ப்சிக்கோட் அல்லது பியானோவுக்கு' என்று பதிப்பாளர் அச்சிட்டனர். இரு திறத்தாரிடமும் விற்பனை செய்யவேண்டுமல்லவா! ஆயினும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர் முடிந்துவிட்டது. அரங்குகள் பெரிதாயின, கேட்போர் தொகை பெருகிற்று, ஓங்கி ஒலிக்கும் கருவியையே காலம் வேண்டி நின்றது. பழைய ஹார்ப்சிக்கோட்டுகள் பரண்களுக்குப் போயின. பாரிஸ் இசைக்கல்லூரியில் இருந்த பழைய வாத்தியங்கள் கடுங்குளிர் காலமொன்றில் விறகாயின என்று ஒரு செய்தியும் வழங்குகின்றது.

இங்கே விந்தையொன்றைக் குறிப்பிடவேண்டும். 1750இல் மறைந்த யொகான் செபஸ்தியான் பாக் என்னும் பெருமேதையை 19ஆம் நூற்றாண்டு மறுபடியும் கண்டுபிடித்தது. 1829இல் மெண்டல்சோன் அவருடைய பெருங்கீர்த்தனை நாடகமொன்றைப் பேர்லினில் அரங்கேற்றியது முதலாக, அவர் புகழ் வளர்ந்துகொண்டே வந்தது. ஆனால் பாக் எந்தக் கருவியை நினைந்து எழுதினாரோ அந்தக் கருவியை எவரும் தேடவில்லை. அவருடைய விசைப்பலகைப் படைப்புகளைப் பியானோவுக்கு ஏற்பக் கனப்படுத்தியும் நிரப்பியும் வாசித்தனர். பாக் இன்று இருந்தால் பியானோவையே விரும்பியிருப்பார் என்பது அவர்கள் வாதம். ஒருவர் இல்லாத இடத்தில் அவர் சார்பாகப் பேசுவது எளிது.

வாண்டா லண்டோவ்ஸ்கா 1879ஆம் ஆண்டு யூலை 5ஆம் திகதி போலந்தின் வார்சோ நகரிலே பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், தாயார் பன்மொழி வல்லுநர். பெற்றோர் யூத மரபினர். சிறுவயதிலேயே பியானோ பயின்று, வார்சோ இசைக்கல்லூரியில் தேறி, பின்னர் பேர்லினில் இசையாக்கம் கற்றார். ஷோப்பனின் நாட்டிலே பிறந்த பியானோ மாணவிக்கு ஷோப்பனை வாசித்துப் புகழ் தேடுவதே நேர்வழி. இவரோ பாக்கின் மீது பற்றுக்கொண்டார். 1900ஆம் ஆண்டில் பாரிஸுக்கு வந்து, நாட்டாரியல் ஆய்வாளரான ஹென்றி லெவ் என்பவரை மணந்தார். பழைய ஏடுகளையும் நூதனசாலைகளில் தூசி படிந்து கிடந்த வாத்தியங்களையும் தேடித் திரிவதில் கணவர் துணையாக நின்றார்.

இத்துறையில் முதல் அடியை எடுத்துவைத்தவர் இவர் என்று நாம் சொல்லவில்லை. 1889இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியிலேயே, பியானோ செய்யும் பெரிய நிறுவனங்கள் புதிதாகச் செய்த ஹார்ப்சிக்கோட்டுகளைக் காட்சிக்கு வைத்தன. லூயி டியேமர் என்னும் கலைஞர் வாசித்தும் காட்டினார். இங்கிலாந்தில் ஆர்னல்ட் டொல்மெற்ச் என்பவர் 1896இல் தம் கையாலேயே ஒன்றைச் செய்தார். அவையெல்லாம் பழம்பொருள் விரும்புவோரின் சிறு வட்டத்தைக் கவர்ந்தன. காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி வரும் பொதுமக்களை, பியானோ கேட்டுப் பழகிய அவர்தம் செவிகளை, வசப்படுத்த எவராலும் இயலவில்லை. வாசித்தவரும் அதனைத் தம் முழுநேரக் கருவியாகக் கொள்ளவில்லை.

1903ஆம் ஆண்டில் லண்டோவ்ஸ்கா அம்மையார் முதன்முதலாகப் பொதுமேடையில் ஹார்ப்சிக்கோட் வாசித்தார். அப்பொழுது வயது இருபத்து நான்கு. பகைவரல்ல, நண்பர்களே தடுத்தனர். பழைய இசையைப் பரப்புவதில் பெரும் பங்காற்றிய சார்ல் போர்ட் என்னும் பெரியாரே, பாக்கைப் பியானோவில் வாசியுங்கள், இந்த ஈக்கூண்டு வேண்டாம் என்னும் கருத்துப்பட எழுதினார். இத்தனை திறமையும் வீணாகின்றதே என்பது அவர்கள் கவலை. அம்மையார் சில ஆண்டுகள் நிகழ்ச்சியின் பெரும்பகுதியைப் பியானோவிலும் ஓரிரு உருப்படிகளை மட்டும் ஹார்ப்சிக்கோட்டிலுமாக வாசித்து, செவிகளைப் படிப்படியாகப் பழக்கினார். நோயாளிக்குத் தேனிலே மருந்து குழைத்துக் கொடுத்தாற்போல என்க. 1907இல் உருசியாவுக்குச் சென்று, டோல்ஸ்டோயின் இல்லத்தில் அவர் முன்னிலையிலும் வாசித்தார். 1909இல் பண்டை இசையைப் பற்றித் தம் வாதங்களை நூலாக வெளியிட்டார். அல்பேர்ட் சுவைட்சர் பாக்கைப் பற்றி எழுதிய பெருநூலிலே, அம்மையாரின் ஹார்ப்சிக்கோட் வாசிப்பைக் கேட்டவர் அந்த உருப்படியை இனிப் பியானோவில் எப்படி வாசிப்பது என்று திகைப்பர் எனப் பொருள்பட எழுதியது, அந்நாளில் பெரிய நற்சாட்சி.

ஆயினும் ஒரு குறை இருந்தது. கிடைத்த வாத்தியங்களின் ஓசை பெரிய மண்டபத்தின் பின்வரிசையை எட்டவில்லை. பாரிஸின் பிளெயெல் நிறுவனத்தாரை அணுகி, தாம் வேண்டியவாறு ஒரு பெரிய ஹார்ப்சிக்கோட்டைச் செய்வித்தார். இரு கட்டை வரிசைகள். வாசிக்கும்போதே நாதத்தை மாற்றுவதற்குக் கால்மிதிகள். வழக்கமான தாயிக்கு ஒரு தாயி கீழே முழங்கும் கூடுதல் தந்தி வரிசையொன்று. 1912இல் பிரெஸ்லோ நகரின் பாக் விழாவிலே அது அரங்கேறியது. அடுத்த ஆண்டு பேர்லின் இசைக் கல்லூரி அவருக்கென ஹார்ப்சிக்கோட் வகுப்பொன்றைத் தொடங்கிற்று. மறைந்துபோன கருவிக்கு ஒரு பெரிய கல்லூரியில் ஆசனம் கிடைத்துவிட்டது.

பின் வந்தது 1914. போர் மூண்டதும் பேர்லினில் இருந்த தம்பதியர் கைதியரைப்போலக் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். போர் முடிந்து ஊர் திரும்பவிருந்த வேளையில், 1919இல் கணவர் மோட்டார் விபத்தொன்றில் உயிரிழந்தார். அம்மையார் தனியராகப் பாரிஸுக்கு மீண்டார்.

1923இல் அமெரிக்காவுக்கு முதற் பயணம். நான்கு பெரிய பிளெயெல் ஹார்ப்சிக்கோட்டுகளையும் உடன் கொண்டு சென்றார்! பியானோ எந்த ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும். ஹார்ப்சிக்கோட்டுக்கு எங்கே போவது? அதே ஆண்டில் ஸ்பானிய இசையமைப்பாளர் மனுவெல் டி பாய்யா தமது பொம்மலாட்ட இசைநாடகத்தில் ஹார்ப்சிக்கோட்டுக்கு இடமளித்தார். 1926இல் அம்மையாருக்கெனவே தனிப் படைப்பொன்றையும் முடித்தார். பிரெஞ்சு இளைஞர் பிரான்சிஸ் பூலாங்க் எழுதிய 'நாட்டுப்புறக் கொன்சேர்ட்டோ' 1929இல் பாரிஸில் அரங்கேறியது. இது சிறிய செய்தியன்று என்பது எமது கருத்து. பழைய உருப்படிகளை மட்டும் வாசிக்கும் கருவி நூதனசாலைப் பொருள். அதற்கெனப் புதிய படைப்பு எழுதப்படும் அன்றுதான் அது மீண்டும் உயிர்பெறுகின்றது.

1925இல் பாரிஸுக்கு வடக்கே சென் லூ என்னும் சிற்றூரில் வீடு வாங்கிப் பண்டை இசைப்பள்ளியொன்றை நிறுவினார். தோட்டத்திலே சிறிய இசைமண்டபம் ஒன்று எழுந்தது. பல தேசத்து மாணவர் வந்து தங்கிக் கற்றனர். நமது குருகுலத்தை ஒத்த வாழ்க்கை. ஞாயிறுதோறும் பாரிஸிலிருந்து இரசிகர் புகையிரதம் ஏறி வருவர். அங்கேதான் 1933இல், பாக்கின் 'கோல்ட்பேர்க்' மாறுபாடுகள் முழுவதையும் ஹார்ப்சிக்கோட்டில் வாசித்தார். அவ்வாண்டே அது இசைத்தட்டிலும் ஏறிற்று. இவ்வாத்தியத்தில் அப்படைப்பின் முதற் பதிவு அதுவே.

ஒரு பாட்டு, அதனைத் தொடர்ந்து முப்பது மாறுபாடுகள், ஈற்றில் மீண்டும் அதே பாட்டு. இதுவே கோல்ட்பேர்க்கின் அமைப்பு. 1741இல் வெளிவந்த இதன் முகப்பிலேயே, இரு கட்டை வரிசைகளையுடைய ஹார்ப்சிக்கோட்டுக்கு எனப் பாக் குறித்திருக்கிறார். ஏன் அப்படிக் குறித்தார் என்பது வாசித்துப் பார்ப்பவருக்கு விளங்கும். சில மாறுபாடுகளிலே இரு கைகளும் ஒரே இடத்துச் சுரங்களில் ஒன்றையொன்று கடந்து ஓடுகின்றன. இரண்டு வரிசைகள் இருந்தால், ஒரு கை மேலேயும் மறு கை கீழேயும் தடையின்றிச் செல்லும். இரு குரல்களும் இரு நிறங்களில் தனித்துக் கேட்கும். பியானோவின் ஒற்றை வரிசையிலோ விரல்மேல் விரல் ஏறிச் சிக்கிக்கொள்ளும். பாக் பியானோவையே விரும்பியிருப்பார் என்ற வாதத்துக்கு அவர் குறிப்பே தரும் மறுமொழி இது. அந்நெடும் படைப்பு அரங்குகளில் அரிதாகவே ஒலித்துவந்தது.

1940 யூனில் யேர்மனியப் படைகள் பாரிஸை நெருங்கின. யூத மரபில் வந்த அம்மையார் தங்க இயலுமா? மாணவியும் உதவியாளருமான டெனிஸ் ரெஸ்தூவுடன் தெற்கு நோக்கி வெளியேறினார். சில மாதங்களிலே, கலைப்பொருள்களைக் கொள்ளையிடவென்றே நாஜிகள் அமைத்திருந்த பிரிவினர் சென் லூ வீட்டுக்குள் நுழைந்தனர். ஏறத்தாழப் பதினாயிரம் நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த பழைய வாத்தியங்கள் யாவும் பெட்டிகளில் அடைபட்டுச் சென்றன. மயோர்க்கா தீவில் 1838-39 குளிர்காலத்தில் ஷோப்பன் பயன்படுத்திய சிறு பியானோவும் அவற்றுள் ஒன்று. போனவற்றிற் பலவற்றை அம்மையார் மீண்டும் காணவேயில்லை. ஓர் ஆசிரியனுடைய நூலகம் என்பது என்னவென்று அறிந்த எமக்கு இப்பகுதியை எழுதும்போது கை தயங்குகின்றது.

ஸ்பானிய எல்லையருகே ஓராண்டுக்கு மேல் ஒதுங்கியிருந்து, லிஸ்பன் வழியாகக் கப்பலேறி நியூயோர்க் துறைமுகத்தை அடைந்த நாள் 1941 டிசம்பர் 7. யப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நாள். அகதியாக வந்த அறுபத்திரண்டு வயது மாதை வரவேற்க அந்நகருக்கு ஓய்வேது? ஆனால் பதினொரு வாரங்கள் கழித்து, 1942 பெப்ரவரி 21இல், நியூயோர்க் 'டவுன் ஹோல்' மண்டபத்திலே கோல்ட்பேர்க் மாறுபாடுகளை வாசித்தார். மண்டபம் நிறைந்திருந்தது. கருநிற உடையணிந்து, இரு கரங்களையும் கூப்பியவண்ணம் மெல்ல நடந்து வாத்தியத்தை அணுகுவது அவர் வழக்கம். சிலர் இதனை நாடகம் என்று நகைத்தனர். நமக்கு அதில் நகைக்க ஒன்றுமில்லை.

பின்னர் கனெக்டிகட் மாநிலத்தின் லேக்வில் என்னும் சிற்றூரில் குடியேறி, பாக்கின் நாற்பத்தெட்டு முன்னிசைகளையும் அவற்றின் பியூகுகளையும் 1949 முதல் 1954 வரை பதிவு செய்தார். முடிக்கும்போது வயது எழுபதைக் கடந்திருந்தது. 1959ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16இல் அங்கேயே காலமானார்.

கதை இவ்விடத்தில் நிற்குமானால் நன்று. ஆனால் அம்மையார் வாழ்ந்திருந்த காலத்திலேயே வேறொரு தலைமுறை எழுந்தது. 1949இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிராங்க் ஹபார்ட், வில்லியம் டவுட் என்னும் இருவர் பட்டறையொன்றைத் திறந்தனர். நூதனசாலைகளில் எஞ்சியிருந்த பழைய ஹார்ப்சிக்கோட்டுகளை அளந்து, அதே அளவில், அதே மெல்லிய பலகையில், இரும்பின்றிச் செய்யத் தொடங்கினர். யேர்மனியில் மார்ட்டின் ஸ்கொவ்ரொனெக் அவ்வாறே செய்தார். ஒல்லாந்தின் குஸ்தாவ் லியோன்ஹார்ட் போன்ற கலைஞர் அவ்வழியை ஏற்றனர். அவர்கள் பழைய அமைப்பில் வாசித்துக் காட்டியபோது ஓருண்மை வெளிப்பட்டது. அம்மையாரின் பிளெயெல், பியானோ செய்பவர் கைபட்ட வாத்தியம். கனத்த தந்திகள், தடித்த சட்டம், பிற்காலத்தில் இரும்பும்கூட. அவர் பெரிதும் நம்பிய தாழ்ந்த தந்தி வரிசை பாக்கின் காலத்தில் மிக அரிதாகவே இருந்தது. கால்மிதிகளும் பெரும்பாலும் பிற்கால ஏற்பாடே. அவ்வளவு கனம் இருந்தும், மெல்லிய பலகையினாலான பழைய வாத்தியத்தின் நாதமே மண்டபத்தில் நன்கு பரவிற்று. மெல்ல மெல்லப் பிளெயெல் மேடையை விட்டிறங்கியது.

பாக்கை அவர் எண்ணியபடியே வாசிப்பவர் தாம் என்று கூறிவந்த அம்மையாருக்கு இது தோல்வியா? அவ்வாறு எழுதுவோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. 1912இல் பழைய அளவுகளின்படி நுண்ணிய வாத்தியமொன்றைச் செய்திருந்தால், கேட்பதற்கு எத்தனை பேர் வந்திருப்பர்? பியானோவின் முழக்கத்திற் பழகிய செவிகளுக்கு ஒரு பாலம் வேண்டியிருந்தது. அப்பாலத்துக்கு இரும்பும் வேண்டியிருந்தது. இசையாசிரியன் எந்தக் கருவியை நினைந்தான் என்று கேட்கப் பலரையும் பழக்கியவர் அம்மையார். அக்கேள்வியைக் கற்றுக்கொண்டவர்கள் அதனை அவர் வாத்தியத்தையே நோக்கிக் கேட்டுவிட்டனர்.

பியானோவும் சும்மா இருக்கவில்லை. 1955இல் கனடா நாட்டு இளைஞர் கிளென் கூல்ட் அதே கோல்ட்பேர்க்கைப் பியானோவில் வாசித்துப் பதிவுசெய்த இசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது.

அன்று மாலை மாணவருக்கு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினோம்: அம்மையாரின் 1933ஆம் ஆண்டுப் பதிவு, பழைய அமைப்பில் லியோன்ஹார்ட் வாசித்தது, கூல்டின் பியானோ. எது சிறந்தது என்று கேட்டோம். பெரும்பாலோர் பியானோவுக்கே கை உயர்த்தினர். சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. எமது கல்லூரி வீணையாசிரியை மட்டும், லியோன்ஹார்ட் விடும் இடைவெளிகளைச் சுட்டி, இது மீட்டு வாசிக்கத் தெரிந்த கை என்றார். அம்மையாருக்கு ஒரு கையும் உயரவில்லை. கலைந்து செல்லும் வேளையில், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "சேர், அந்தப் பீரங்கிச் சத்தம் வாற பாட்டை இன்னொருக்கால் போடுவீங்களோ?" என்று கேட்டான். போட்டோம்.